லேடர் லாஜிக் தொடக்கம்: ஒரு சம்ப் மோட்டாரை பிஎல்சியில் ஓட்டுவது எப்படி

ரிலே பேனலில் கை தேர்ந்தவர்கள்கூட, பிஎல்சி என்ற தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கணினிக்கு ஏணி வடிவில் நிரல் எழுதும் லேடர் லாஜிக்குக்கு வரும்போது ஓரிடத்தில் சறுக்குகிறார்கள். திரையில் தெரியும் ஏணியை ஒயரிங் படமாகவே படித்துவிடுகிறார்கள். சாயல் அப்படி இருப்பதற்குக் காரணம் உண்டு. 1968ல் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ரமேட்டிக் பிரிவு ரிலே பேனல்களுக்கு மாற்று கேட்டது. 1969ல் முதல் பிஎல்சிகளில் ஒன்றான மோடிகான் 084 வந்தது. ஆலை எலக்ட்ரீஷியன்களுக்குப் புது மொழி கற்றுத்தராமல், அவர்கள் தினமும் பார்க்கும் ரிலே வரைபடத்தையே நிரலாக்கிவிட்டார்கள். ஆனால் அந்த ஏணிக்குள் மின்சாரம் ஓடுவதில்லை. அங்கே இருப்பவை கேள்விகள் மட்டுமே.

இதைப் பிடித்துக்கொண்டால் மீதி எளிது. கீழே ஒரே ஒரு வேலையை எடுத்து முழுவதும் செய்வோம்: கீழே சம்ப், மேலே தொட்டி, நடுவில் டிஓஎல் ஸ்டார்ட்டரில் (மோட்டாரை நேரடியாக லைனில் இணைக்கும் வகை) ஓடும் 5 எச்பி மூன்று ஃபேஸ் மோட்டார். மேனுவல், ஆட்டோ இரண்டும் வேண்டும். பிஎல்சி டெல்டா டிவிபி-14எஸ்எஸ்2: 8 உள்ளீடு, 6 வெளியீடு, 24 வோல்ட் டிசி. மிட்சுபிஷி எஃப்எக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் முகவரிகள் ஏறக்குறைய இதே மாதிரிதான். சீமென்ஸ் எஸ்7-1200ல் உள்ளீட்டு முகவரி எக்ஸ்0க்குப் பதில் ஐ0.0, வெளியீட்டு முகவரி ஒய்0க்குப் பதில் கியூ0.0 என்று வரும், லாஜிக் மாறாது.

முதலில் தாளில் பட்டியல்

மென்பொருளைத் திறக்கும் முன் எந்த ஒயர் எங்கே வருகிறது, நல்ல நிலையில் அது 1 ஆக இருக்குமா 0 ஆக இருக்குமா என்று எழுதுங்கள். இரண்டாவது தகவலை எழுதாமல் விட்டுவிட்டுத்தான் பலர் பிறகு தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

எக்ஸ்0: ஸ்டார்ட் பட்டன், என்.ஓ. (இயல்பில் திறந்தது). அழுத்தினால் 1.
எக்ஸ்1: ஸ்டாப் பட்டன், என்.சி. (இயல்பில் மூடியது). அழுத்தாதபோது 1.
எக்ஸ்2: ஓவர்லோடு ரிலேயின் (மோட்டார் அதிக ஆம்பியர் இழுத்தால் டிரிப் ஆவது) 97-98 என்.ஓ. காண்டாக்ட். டிரிப் ஆனால் 1.
எக்ஸ்3: சம்ப் ஃப்ளோட். தண்ணீர் இருந்தால் 1.
எக்ஸ்4: மேல்தொட்டி கீழ்மட்ட ஃப்ளோட். மட்டம் இறங்கினால் 1.
எக்ஸ்5: மேல்தொட்டி மேல்மட்ட ஃப்ளோட். நிரம்பாதவரை 1, நிரம்பினால் 0.
எக்ஸ்6: செலக்டர் ஸ்விட்ச். ஆட்டோ என்றால் 1.
எக்ஸ்7: காண்டாக்டரின் (மோட்டாருக்குப் பவர் கொடுக்கும் பெரிய ரிலே) துணைக் காண்டாக்ட் 13-14. உள்ளே இழுத்தால் 1.
ஒய்0: காண்டாக்டர். ஒய்1: ரன் விளக்கு. ஒய்2: டிரிப் விளக்கு.

எட்டு உள்ளீடும் தீர்ந்துவிட்டன. ரீசெட்டுக்குத் தனிப் பட்டன் வைக்க இடமில்லை. ஸ்டாப் பட்டனையே அதற்கும் பயன்படுத்துவோம். கூடுதல் மாட்யூல் வாங்குவதாக இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: இந்த எண்கள் எட்டின் அடிப்படையில் போகின்றன. எக்ஸ்7க்கு அடுத்து எக்ஸ்10. எக்ஸ்8, எக்ஸ்9 கிடையாது. எஸ்எஸ்2ல் விரிவாக்க உள்ளீடுகள் எக்ஸ்20ல் தொடங்கும்.

ஃப்ளோட்களை இப்படித் தேர்ந்ததற்கு ஒரே விதிதான்: ஒயர் அறுந்தால் மோட்டார் நிற்க வேண்டும். எக்ஸ்3 அறுந்தால் சம்ப் வறண்டதாகத் தெரியும். எக்ஸ்5 அறுந்தால் தொட்டி நிரம்பியதாகத் தெரியும். இரண்டிலும் மோட்டார் நிற்கும். தண்ணீர் வரவில்லை என்று யாராவது வந்து பார்ப்பார்கள். எக்ஸ்5ஐ மாற்றி, நிரம்பினால் 1 என்று வைத்திருந்தால், ஒயர் அறுந்த அன்று மொட்டைமாடி நனைந்த பிறகுதான் தெரியவரும். கேபிளில் வரும் ஃப்ளோட்களில் தொங்கினால் மூடுகிற வகையும் மிதந்தால் மூடுகிற வகையும் உண்டு. மூன்று கம்பி உள்ளதில் எந்த இரண்டு என்பதை மீட்டர் வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஒயரிங்கில் கவனிக்க வேண்டியவை

டெல்டாவில் எஸ்/எஸ் என்று ஒரு டெர்மினல் இருக்கும். அதை பிளஸ் 24ல் கொடுத்தால் ஸ்விட்சின் மறுமுனை 0 வோல்ட்டுக்குப் போகும். என்பிஎன் சென்சாருக்கு அதுதான் பொருந்தும். எஸ்/எஸ்ஸை 0 வோல்ட்டில் கொடுத்தால் ஸ்விட்சின் மறுமுனை பிளஸ் 24, பிஎன்பிக்கு இது. நம் வேலையில் வெறும் ஸ்விட்சுகள்தான், எப்படியும் ஓடும். ஆனாலும் இரண்டாவது முறையையே தேர்ந்தெடுங்கள். 0 வோல்ட்டை எர்த் செய்த பேனலில், முதல் முறைப்படி ஸ்டார்ட் பட்டன் ஒயர் தோல் உரிந்து பெட்டியைத் தொட்டால் பிஎல்சி அதை ஸ்டார்ட் என்று எடுத்துக்கொள்ளும். இரண்டாவது முறையில் அதே கோளாறு பட்டனை அழுத்தும்போது ஃபியூஸை எரிக்கும், அவ்வளவுதான்.

ஒய்0ல் நேராக 230 வோல்ட் காண்டாக்டர் காயிலை மாட்டாதீர்கள். உள்ளே இருக்கும் சின்ன ரிலே 1.5 அல்லது 2 ஆம்பியர் அளவுதான் தாங்கும்; காயில் விடும்போது எழும் பொறியில் அதன் காண்டாக்ட் தேய்ந்து ஒருநாள் ஒட்டிக்கொள்ளும். ஒய்0 ஒரு 24 வோல்ட் ரிலேயை இயக்கட்டும், அந்த ரிலே காண்டாக்டரை இயக்கட்டும். ரிலே காயிலுக்குக் குறுக்கே தலைகீழாக ஒரு டையோடு, காண்டாக்டர் காயிலுக்குக் குறுக்கே ஒரு ஆர்சி ஸ்னப்பர் (பொறியை அடக்கும் ரெசிஸ்டர்-கெபாசிட்டர் ஜோடி). டிரான்சிஸ்டர் வெளியீட்டு மாடல் என்றால் 230 பேச்சுக்கே இடமில்லை, அது டிசி மட்டும்தான்.

ஓவர்லோடு ரிலேயின் 95-96 என்.சி. காண்டாக்டை காண்டாக்டர் காயில் லைனிலேயே தொடராக வையுங்கள். எமர்ஜென்சி ஸ்டாப்பின் ஒரு என்.சி. பிளாக்கும் அதே லைனில். நிரல் உறைந்தாலும், யாராவது தவறாக எடிட் செய்தாலும், இந்த இரண்டும் மோட்டாரை நிறுத்தியே ஆக வேண்டும். பிஎல்சிக்கு 97-98 தகவலுக்காக மட்டும் போகிறது. எமர்ஜென்சி ஸ்டாப்பில் இரண்டாவது என்.சி. பிளாக் ஒன்று வாங்கி எக்ஸ்1 ஒயரில் தொடராகச் சேருங்கள். இல்லையென்றால் அதை அழுத்தி உடனே திருப்பி விடுவிப்பவருக்கு, ஆட்டோவில் இருக்கும் மோட்டார் சட்டென்று ஓடி அதிர்ச்சி தரும்.

கேள்விகளைப் படிப்பது

கீழே உள்ள ரங்குகளில் (ஏணியின் படிகளில்) [எக்ஸ்1] என்றால் "எக்ஸ்1 இப்போது 1 ஆக இருக்கிறதா?" என்ற கேள்வி. [/எக்ஸ்1] என்றால் "எக்ஸ்1 இப்போது 0 ஆக இருக்கிறதா?" [↑எக்ஸ்0] என்றால் "இந்தச் சுற்றில்தான் 0ல் இருந்து 1க்கு மாறியதா?" இடமிருந்து வலமாக எல்லாவற்றுக்கும் பதில் ஆம் என்றால் கடைசியில் உள்ள ( ) காயில் 1 ஆகும்; இல்லையென்றால் 0 ஆகும்.

ஸ்டாப் பட்டனில் வரும் குழப்பம் இங்கே தீர்ந்துவிடுகிறது. பட்டன் என்.சி. என்பதால் திரையிலும் என்.சி. குறியைப் போட்டுவிடுகிறார்கள். அழுத்தாதபோது எக்ஸ்1ல் 24 வோல்ட் வருகிறது, பிட் 1. நிரலோ "0 ஆக இருக்கிறதா?" என்று கேட்கிறது. பதில் எப்போதும் இல்லை. ஸ்டாப்பை அழுத்திக்கொண்டு ஸ்டார்ட்டை அழுத்தினால் மட்டும் மோட்டார் ஓடும். உடனே பட்டனை என்.ஓ.வாக மாற்றி "சரி" செய்துவிடுவார்கள். அதுதான் ஆபத்தான சரி: அந்த ஒயர் அறுந்த நாளில் ஸ்டாப் பட்டன் செத்துக் கிடக்கும், யாருக்கும் தெரியாது. பட்டனை என்.சி.யாகவே விட்டுவிட்டு நிரலில் [எக்ஸ்1] என்று கேளுங்கள்.

பிஎல்சி வேலை செய்யும் வரிசையும் தெரிந்திருக்க வேண்டும். எல்லா உள்ளீடுகளையும் ஒருமுறை படித்து நினைவில் வைக்கும். ரங்குகளை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகக் கணக்கிடும். கடைசியில் வெளியீடுகளை மாற்றும். பிறகு மறுபடி முதலிலிருந்து. இப்படிப்பட்ட சிறு நிரலுக்கு ஒரு சுற்று சில மில்லி விநாடிதான். இதோடு உள்ளீட்டு ஃபில்டர் 10 மில்லி விநாடி இருக்கும். பட்டனுக்கும் ஃப்ளோட்டுக்கும் இது ஒன்றுமே இல்லை. வேகமாகச் சுழலும் பல்சக்கரத்தை ப்ராக்ஸிமிட்டி சென்சாரால் எண்ணும்போது எண்ணிக்கை குறைந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

ரங்குகள்

டெல்டாவின் நிரல் மென்பொருளான டபிள்யூபிஎல்சாஃப்ட்டில் புதிய ஃபைல் திறந்து, மாடல் எஸ்எஸ்2 என்று தேர்ந்து, இவற்றை வரிசைப்படி வரையுங்கள்.

ரங் 1, சம்பில் தண்ணீர் நிலைத்திருக்கிறதா:

|--[எக்ஸ்3]--(டைமர் டி1, கே300)--|

இந்த டைமர் 100 மில்லி விநாடி அலகு. 300 × 0.1 = 30 விநாடி. எக்ஸ்3 விடாமல் 30 விநாடி 1 ஆக இருந்தால்தான் டி1 வரும். நடுவில் ஒருமுறை 0 ஆனாலும் எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போய்விடும். லாரித் தண்ணீர் விழும்போது ஃப்ளோட் குதித்து ஆடும். டைமர் இல்லையென்றால் காண்டாக்டரும் கூடவே ஆடும். வறண்டால் மட்டும் உடனே நிற்கும்; அதுதான் வேண்டும். ஒரு பக்கவிளைவு: மின்சாரம் வந்த முதல் 30 விநாடிக்கு மேனுவலில் ஸ்டார்ட் பட்டன் எடுபடாது. ஆபரேட்டரிடம் சொல்லி வையுங்கள், இல்லையென்றால் பட்டன் ரிப்பேர் என்று தகவல் வரும்.

ரங் 2, ஓட அனுமதி (எம் என்பவை பிஎல்சியின் உள் நினைவு பிட்கள்; எம்20 கோளாறு பிட், ரங் 9ல் வரும்):

|--[எக்ஸ்1]--[/எக்ஸ்2]--[டி1]--[/எம்20]--(எம்0)--|

எக்ஸ்1ம் எக்ஸ்2ம் ஒரே ரங்கில் எதிரெதிர்க் குறியோடு நிற்பதைப் பாருங்கள். ஒன்று நல்ல நிலையில் 1, மற்றது நல்ல நிலையில் 0. தாளில் எழுதிய பட்டியல் இதற்காகத்தான்.

ரங் 3, மேனுவல்:

|--[↑எக்ஸ்0]--+--[/எக்ஸ்6]--[எக்ஸ்5]--[எம்0]--(எம்1)--|
|--[எம்1]-----+

இதுதான் ரிலேக்காரர்கள் ஹோல்டிங் என்று சொல்வது. ஸ்டார்ட்டை அழுத்திய சுற்றில் ↑ கேள்விக்கு ஆம்; மற்றவையும் ஆம் என்றால் எம்1 வருகிறது. அடுத்த சுற்றிலேயே ↑ கேள்விக்கு இல்லை என்று பதில் வரும். ஆனால் அதற்குள் எம்1, 1 ஆகிவிட்டதால் கீழ்க்கிளை தாங்கிப் பிடிக்கிறது. வலப்பக்கத்தில் எது விழுந்தாலும் எம்1 விழும். ஸ்டார்ட்டையும் ஸ்டாப்பையும் சேர்த்து அழுத்தினாலும் ஸ்டாப்புக்கே வெற்றி. அனுமதிகளைக் கிளைக்குள் போட்டுவிட்டால் இந்த வெற்றி தலைகீழாகும், ஆகவே அவை எப்போதும் இணைப்புக்கு வெளியே. ↑ போட்டதன் காரணம், ஸ்டார்ட் பட்டன் உள்ளேயே சிக்கிக்கொண்டாலும் தொட்டி இறங்கியவுடன் மோட்டார் தானாக ஓடக்கூடாது என்பது.

ரங் 4, ஆட்டோவை ஆயத்தமாக்குவது:

|--[↑எக்ஸ்0]--+--[எக்ஸ்6]--[எக்ஸ்1]--(எம்3)--|
|--[எம்3]-----+

ரங் 5, ஆட்டோ:

|--[எக்ஸ்4]--+--[எம்3]--[எக்ஸ்5]--[எம்0]--(எம்2)--|
|--[எம்2]----+

கீழ்மட்டத்தில் தொடங்கி மேல்மட்டம் வரை ஓடுகிறது; நிரம்பி நின்றபின் மறுபடி கீழ்மட்டம் வரும்வரை அசையாது. ரங் 4 எதற்கு, செலக்டரே போதாதா என்று கேட்கலாம். எம்3ஐ எடுத்துவிட்டு எக்ஸ்6ஐ நேராகப் போட்டுப் பாருங்கள்: தொட்டி காலியாக இருக்கும்போது ஸ்டாப்பை அழுத்தினால் மோட்டார் நிற்கும், விரலை எடுத்தவுடன் மறுபடி ஓடும். ஆட்டோ நிரல்களில் அடிக்கடி கண்ணில் படும் குறை இது. எம்3 இருந்தால், ஸ்டாப்பை அழுத்தியபின் ஒருவர் வந்து ஸ்டார்ட்டை அழுத்தும்வரை ஆட்டோவும் உறங்கும்.

மின்சாரம் போய் வந்தாலும் இதே கதைதான். எம்3 அழிந்துவிடும், ஒருவர் வந்து ஸ்டார்ட் தர வேண்டும். அது தொந்தரவு என்று எம்3ஐ நினைவில் தங்கும் எம் முகவரிக்கு மாற்றுபவர்கள் உண்டு. மாற்றியும் சில சமயம் தங்குவதில்லை. பட்டன்களுக்குத் தனி 24 வோல்ட் சப்ளை இருந்து அது பிஎல்சியை முந்திக்கொண்டு விழுந்தால், எக்ஸ்1 முதலில் 0 ஆகி, உயிரோடு இருக்கும் நிரல் எம்3ஐ அழித்துவிட்டுத்தான் அணையும். தானாக ஓடியே தீர வேண்டும் என்றால் அதைத் தனியாக வடிவமைத்து, மோட்டார் அருகே எச்சரிக்கைப் பலகையும் வையுங்கள்.

ரங் 6, வெளியீடு:

|--[எம்1]--+--(ஒய்0)--|
|--[எம்2]--+

ஒய்0 காயில் நிரல் முழுவதிலும் இங்கே ஒரே ஒரு முறைதான். எம்1, எம்2 என்று சுற்றி வளைக்காமல் ரங் 3லும் ரங் 5லும் நேராக ஒய்0ஐயே எழுதினால் என்ன? மேனுவலில் ஸ்டார்ட் அழுத்தும்போது ரங் 3, ஒய்0ஐ 1 ஆக்கும். கொஞ்சம் கீழே ரங் 5 அதையே 0 ஆக்கும். வெளியீடு மாறுவது சுற்றின் கடைசியில் என்பதால் கீழே எழுதியதுதான் நிற்கும். திரையில் மேல் ரங் காண்டாக்டுகள் எல்லாம் ஒளிரும், மோட்டார் மட்டும் அசையாது. எல்லா மென்பொருளும் இதைத் தடுக்காது. அப்படியொரு காட்சி கண்டால் அந்த முகவரியை நிரல் முழுவதும் தேடுங்கள், இரண்டாவது காயில் எங்காவது ஒளிந்திருக்கும்.

ரங் 7, 8, 9, கோளாறு (செட் ஆன பிட் ரீசெட் வரும்வரை 1 ஆகவே நிற்கும்):

|--[/எக்ஸ்1]--(ரீசெட் எம்20)--|

|--[ஒய்0]--[/எக்ஸ்7]--+--(டைமர் டி2, கே20)--|
|--[/ஒய்0]--[எக்ஸ்7]--+

|--[டி2]-----+--(செட் எம்20)--|
|--[எக்ஸ்2]--+

ரங் 8 கேட்பது: நாம் சொன்னதும் காண்டாக்டர் செய்ததும் 2 விநாடிக்கு மேல் முரண்படுகின்றனவா? ஓடச் சொல்லியும் இழுக்கவில்லை என்றால் காயில், ஃபியூஸ், 95-96 இவற்றில் ஒன்று. நிற்கச் சொல்லியும் விடவில்லை என்றால் காண்டாக்டர் ஒட்டிக்கொண்டது. அந்த நிலையில் பிஎல்சியால் எதுவும் செய்ய முடியாது, காண்டாக்டருக்கு முன்னால் உள்ள எம்சிசிபி பிரேக்கரைத்தான் இறக்க வேண்டும். 97-98 ஒயர் அறுந்து எக்ஸ்2 பேசாமல் இருந்தாலும், ஓவர்லோடு டிரிப்பை இந்த ரங் 2 விநாடியில் பிடித்துவிடும்.

ரீசெட்டை மேலேயும் செட்டைக் கீழேயும் வைத்தது தற்செயல் அல்ல. ஓவர்லோடு இன்னும் டிரிப்பிலேயே இருக்க, ஒருவர் ஸ்டாப்பை அழுத்தி ரீசெட் செய்யப் பார்த்தால், கீழே உள்ள செட் மறுபடி எம்20ஐ 1 ஆக்கிவிடும். கோளாறு தீராமல் விளக்கு அணையாது. ரங்குகளை இடம் மாற்றினால் அணைந்து அணைந்து ஏமாற்றும்.

ரங் 10, 11, விளக்குகள்:

|--[எக்ஸ்7]--(ஒய்1)--|

|--[எம்20]--[எம்1013]--(ஒய்2)--|

ரன் விளக்கை ஒய்0ல் இருந்து எடுக்காதீர்கள். அது "ஓடச் சொன்னேன்" என்பதைத்தான் காட்டும். எம்1013 டெல்டாவில் 1 விநாடித் துடிப்பு, டிரிப் விளக்கு மினுங்கும். மிட்சுபிஷி எஃப்எக்ஸில் அது எம்8013.

ஏற்றுவதும் சோதிப்பதும்

வரைந்தவுடன் கம்பைல் செய்யுங்கள். செய்யாமல் டவுன்லோடு கொடுத்துவிட்டு பழைய நிரலே ஓடுகிறதே என்று குழம்புவது உண்டு. பிஎல்சியின் வட்ட வடிவ போர்ட்டில் கேபிள் மாட்டி, 9600, 7, ஈவன், 1 என்ற அமைப்பில் இணையுங்கள். டெல்டா ஆலையிலிருந்து வரும்போது இப்படித்தான் இருக்கும். இணையவில்லை என்றால் பெரும்பாலும் கணினியில் காம் போர்ட் எண் தவறாக இருக்கும். டிவைஸ் மேனேஜரில் பாருங்கள்.

பிஎல்சி கையில் இல்லாவிட்டாலும் டபிள்யூபிஎல்சாஃப்ட்டின் சிமுலேட்டரில் ஓட்டலாம். தொடங்கும் முன் எக்ஸ்1, எக்ஸ்3, எக்ஸ்5 மூன்றையும் 1 ஆக்குங்கள். நல்ல நிலையில் 1 இருக்க வேண்டியவை இவை. மறந்தால் நிரல் செத்தது போலத் தெரியும். ஒய்0 வந்த 2 விநாடிக்குள் எக்ஸ்7ஐயும் 1 ஆக்க வேண்டும். ஆக்காமலும் ஒருமுறை விட்டு, எம்20 வருகிறதா என்று பாருங்கள்.

பேனலில் முதல் சோதனையை மோட்டார் பவரின் எம்சிசிபியை இறக்கிப் பூட்டிவிட்டு, கண்ட்ரோல் சப்ளையை மட்டும் கொடுத்துச் செய்யுங்கள். ஒவ்வொரு ஸ்விட்சையும் கையால் இயக்கி, பிஎல்சியின் உள்ளீட்டு விளக்கு தாளில் எழுதியபடி மாறுகிறதா பார்த்து டிக் அடியுங்கள். பிறகு காண்டாக்டர் உள்ளே இழுத்திருக்கும்போது எக்ஸ்1 ஒயரைக் கழற்றுங்கள், எக்ஸ்3ஐக் கழற்றுங்கள், எக்ஸ்5ஐக் கழற்றுங்கள். மூன்றிலும் காண்டாக்டர் விட வேண்டும். ஓவர்லோடு ரிலேயின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். காண்டாக்டர் விட்டு டிரிப் விளக்கு மினுங்க வேண்டும். கடைசியாகப் பிஎல்சியை ஸ்டாப் நிலைக்குத் தள்ளுங்கள். அப்போதும் விட வேண்டும். இவை எல்லாம் முடிந்தபின்தான் பவர். ஓவர்லோடு டயலை மோட்டார் பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியருக்கு வைத்து, சுழலும் திசையைப் பாருங்கள். மூன்று ஃபேஸில் இரண்டு மாறியிருந்தால் பம்பு தலைகீழாகச் சுற்றி, தண்ணீர் போதிய அழுத்தத்தில் ஏறாது, நிரலைக் குறை சொல்லத் தோன்றும்.

ஃபோர்ஸ் வசதியைச் சோதனையில் பயன்படுத்தினால் கிளம்பும் முன் எல்லா ஃபோர்ஸையும் நீக்குங்கள். எக்ஸ்3ஐ 1 என்று ஃபோர்ஸ் செய்து மறந்துவிட்டுப் போனால், வறண்ட சம்பில் மோட்டார் சீல் எரியும்வரை ஓடும்.

எக்ஸ்0 முதல் எம்20 வரை ஒவ்வொன்றுக்கும் நிரலிலேயே கமெண்ட் எழுதி வையுங்கள். பிஎல்சிக்குள் போவது லாஜிக் மட்டும், கமெண்டுகள் கணினி ஃபைலில்தான் தங்கும். இரண்டு வருடம் கழித்து ஒருவர் அப்லோடு செய்து பார்த்தால் பெயரில்லாத எம்களும் டிகளும்தான் கிடைக்கும். அசல் ஃபைலை ஒரு பென்டிரைவில் போட்டு, முகவரிப் பட்டியலை அச்சடித்து, இரண்டையும் பேனல் கதவின் உட்புறத்தில் ஒரு கவரில் வைத்துவிட்டுப் போங்கள்.